கம்பளிக்காரனுக்காக நான் வாதாடியது

ஒரு சினிமாப் படத்துக்காக நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். தோட்டமே கூடியிருந்த கோயில் திடலில், அந்தப் படத்தின் கதாநாயகன் செய்தது சரிதான் என்று வாதாடி ஜெயித்தேன். மாலைகூடப் போட்டார்கள். அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து அரிக்கிறது.

வெட்கக்கேடுதான். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு நல்லதை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போனால் அது என்ன எழுத்து? சொல்லித் தொலைக்கிறேன்.

எழுபதுகளில், பாண் ரொட்டி வாங்க விடியுமுன்பே வரிசையில் நின்ற காலம். இலங்கையில், நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். ஃபேக்டரியில், தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் என்பதால், எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பதுளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரை நாங்கள் எல்லாரும் நானா என்போம். சாமான் மடிக்கும் சரை சுற்றுவதற்காக இந்தியாவிலிருந்து வந்த பழைய வாரப் பத்திரிகைகளை அவர் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுவார். அவற்றில் வரும் ஒரு படக்கதையின் பக்கங்களை மட்டும் கிழிக்காமல் எனக்காக எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து லயத்து வாசலில் உட்கார்ந்து நான் சத்தமாக வாசிப்பேன். முப்பது நாற்பது பேர் கேட்பார்கள்.

கதையின் வீரனுக்குப் பத்திரிகையில் ஏதோ கம்பீரமான பெயர். எங்கள் தோட்டத்தில் அதை யாரும் சொன்னதில்லை. அவன் தோளில் கிடந்த கறுப்புப் போர்வை, மழையில் கொழுந்தெடுக்கும்போது எங்கள் சனம் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி மாதிரியே இருந்ததால் அவன் கம்பளிக்காரன் ஆகிவிட்டான். பகலில் ஜமீந்தார் லாயத்தில் குதிரை கழுவுகிற வாயில்லாப் பூச்சி. போர்வையை இழுத்துத் தலையை மூடினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான், குண்டு துளைக்காது, கூரைக்குக் கூரை தாவுவான். இந்தச் சக்திக்கு ஒரே ஒரு நிபந்தனை. குற்றமில்லாத ஒருவனுக்கு அவனால் கேடு வந்தால் அந்த நிமிஷமே போர்வை வெறும் துணியாகிவிடும். இந்த நிபந்தனையை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் கைதட்டுவார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களில் என் மச்சானும் அவன் பெண்சாதியும் முக்கியமானவர்கள். மச்சான் என்றால் சொந்தமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். லயத்தில் பக்கத்து அறையான காம்பரா அவனுடையது. சலிக்கும் அறையில் எனக்கு அடுத்த சல்லடை அவனுடையது. டோலக்கு வாசிப்பதில் கெட்டிக்காரன். அவன் பெண்சாதி கொழுந்தெடுக்கிறவள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் வாய் லேசுப்பட்ட வாயில்லை. கதையின் நடுவில் ஒரு கேள்வி கேட்டாளென்றால் வாசிக்கிறவன் முழிக்க வேண்டும்.

அந்த வருஷம் அரிசி இல்லை, கோதுமை மா இல்லை, சீனி கண்ணில் காணக் கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற எங்களுக்குக் கிடைத்தது கழிவுத் தூள். சலிக்கும் அறையில் இருந்த ஒன்பது பேரும் மடியில் ஒரு பிடி நல்ல தூளை முடிந்துகொண்டு போனோம். ஒருத்தனும் யோக்கியனில்லை. ஒரு நாள் உத்திரத்துக்கு மேலே ஒரு துணிப்பை அகப்பட்டது. அதில் இருந்தது ஒரு பிடி அல்ல, ஒரு வீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் காணும்.

ஃபேக்டரிக்குப் பொறுப்பாக இருந்த டீமேக்கர் என்னைத் தனியாக ஆபீசுக்குக் கூப்பிட்டார். அந்த ஆபீசில் எங்களில் ஒருவன் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் நாற்காலியைக் காட்டினார். சாசரில் வைத்து ஒரு கோப்பை டீ வந்தது.

“குடி,” என்றார். “ஒன்பது பேரையும் நிப்பாட்டவா, இல்ல ஒருத்தன் பேரச் சொல்றியா?”

நல்ல தூளில் போட்ட டீ. இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தார்கள். நாக்கு அதை நம்ப மறுத்தது. இரண்டு மடக்குக் குடித்தேன். மச்சானின் பெயரைச் சொன்னேன். மீதியைக் குடிக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஏன் அவன்? எத்தனையோ காரணம் வைத்திருந்தேன். அவன் பெண்சாதிக்கு வேலை இருக்கிறது, அடுப்பு அணையாது. என் வீட்டில் அம்மா, கலியாணத்துக்கு நிற்கிற இரண்டு தங்கச்சிகள், சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். ஒருத்தன் போனால் எட்டுக் குடும்பம் பிழைக்கும். இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது வாயில் முதலில் வந்த பெயர் அவனுடையது, அவ்வளவுதான்.

என்னை அடுத்து உடனே அவனைக் கூப்பிட்டார்கள். அன்று பின்னேரம் அவன் என் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தான்.

“வேலயிலருந்து பேர வெட்டிட்டாங்க மச்சான். எனக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் அங்க உக்காந்து டீ குடிச்சிருக்கான். சாசரோட கோப்ப. பாதி அப்படியே இருக்கு. இன்னும் ஆவி பறக்குது.”

“எவன்னு மட்டும் தெரியட்டும், கொடல உருவிர்றேன்,” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அவன் பெண்சாதியின் ஒரு சம்பளத்தில் நான்கு வாய் சாப்பிட்டது. அவன் டவுனில் மூட்டை தூக்கினான், விறகு வெட்டினான். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஓடியாடி, தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையிடம் ஒரு விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். மாசி மாதக் கடைசியில் விசாரணை. பை மச்சானுடையதில்லை என்று சலிக்கும் அறை ஆள் ஒருவன் சாட்சி சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். மற்ற ஏழு பேரும் பயந்து ஒதுங்கினார்கள். மச்சான் என்னிடம் வந்தான்.

“நீ வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். தோத்துட்டா எனக்கு இந்தியாக் கப்பல்தான் மச்சான். இந்தியாவுக்குப் போவச் சொல்லி கவர்மெண்டு கடுதாசி வந்து கெடக்கு, ஒத்துக்கிட்டு கையெழுத்து வக்கிறதுதான் பாக்கி. எங்கப்பனே இங்க பொறந்தவரு. அங்க எனக்கு யாரு இருக்கா?”

“நா இருக்கேன்ல?” என்றேன்.

அந்த மாதத்தில்தான் பதுளைத் தியேட்டருக்குக் கம்பளிக்காரன் படம் வந்தது. படக்கதையைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்களாம்! லயத்தில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ஒரு பஸ் நிறையப் போனோம். மச்சானும் பெண்சாதியும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பாதிப் படம் வரைக்கும் விசில் பறந்தது. பிறகு கதை திரும்பியது. ஜமீந்தாரின் ஆட்கள் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். கம்பளிக்காரன் யாரென்று சொல்லாவிட்டால் ஊரையே கொளுத்துவார்கள். அவன் லாயத்துக்காரனாகவே அவர்கள் முன்னால் போய், தன்னோடு குதிரை கழுவுகிற கூட்டாளியின் பெயரைச் சொல்கிறான். கூட்டாளியைப் பிடித்துத் தூக்கில் போடுகிறார்கள். ஊர் தப்புகிறது. அன்று இரவு அவன் பயந்துகொண்டே போர்வையை இழுத்துத் தலையை மூடுகிறான். சக்தி போகவில்லை! எப்போதும் போல மறைந்துவிடுகிறான்.

தியேட்டரில் பின்னாலிருந்து ஒருவன், “அடப் பாவி!” என்றான். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருந்தது. கம்பளிக்காரன் செத்துப்போன கூட்டாளியின் வீட்டுக்குப் போகிறான். அவனுடைய பெண்சாதியின் முன்னால் போர்வையைத் தானே கழற்றிக் கீழே போட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறான். அதோடு படம் முடிந்தது. எழுந்து நின்றவர்களின் முதுகுக்குப் பின்னால் அந்தக் காட்சியை நான் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் மச்சானின் பெண்சாதியும் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

அவ்வளவுதான், தோட்டம் இரண்டாகப் பிளந்தது. கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். போர்வை வெறும் துணியாகியிருக்க வேண்டாமா, அதுதானே நிபந்தனை, படம் எடுத்தவனுக்கு மண்டையில் மூளை இருக்கிறதா என்றார்கள். நானா கடையில்கூட இதே பேச்சு. “தம்பி, நல்ல கதயெ நாசமாக்கிப் போட்டானுவளே,” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

நான் ஒருவன் மட்டும் படத்துக்காக நின்றேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தண்ணி பிடிக்கும் பீலியில், பஸ்ஸில், ஆள் அகப்பட்ட இடத்திலெல்லாம் சண்டை போட்டேன். ஒரு உயிரா, ஒரு ஊரா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சக்தி ஏன் போக வேண்டும், அவன் தனக்காகவா செய்தான்? இப்படியெல்லாம் கேட்டு வாயை அடைத்தேன். எல்லாரும் அசந்துபோனார்கள். என்ன அறிவு, என்ன பேச்சு! எனக்கு ராத்தூக்கம் கெட்டிருந்ததை அவர்கள் எங்கே கண்டார்கள்? அந்தப் படம் சரியென்று ஒரே ஒருத்தன் ஒத்துக்கொண்டால்கூட எனக்கு மூச்சு விடலாம் போலிருந்தது.

ஒன்றை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். எழுதும்போதும் கை அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது. உத்திரத்துக்கு மேலே இருந்த பை என்னுடையது. டவுனில் தூளைக் கொடுத்து மா வாங்கலாம் என்று பிடிபிடியாகச் சேர்த்து வைத்தவன் நான்தான். கம்பளிக்காரன் ஊரைக் காப்பாற்றினான். நான் என் பையைக் காப்பாற்றினேன்.

மாசியில் எங்கள் தோட்டங்களில் காமன் பண்டிகை நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்த கதை. கூத்துக்கு முந்திய நாட்களில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கமாக உட்கார்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாட்டும் பேச்சுமாக வாதாடுவார்கள். எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே பேச வேண்டும். ரதிக்காகப் பேசுகிறவன் மீசையை முறுக்கிக்கொண்டு, “என் புருசன்” என்பான். ‘அவன்’, ‘அவள்’ என்று வாய் தவறினால் எதிர்க்கட்சி மேளம் அடித்துச் சிரித்துவிடும்.

அந்த வருஷம் இளவட்டங்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரம் மன்மதனை விட்டுவிட்டுக் கம்பளிக்காரனை எடுத்துக்கொள்வோம். அவன் செய்தது சரியா, பிழையா? சரி என்று பேச என்னை விட்டால் ஆளில்லை. என் கட்சிக்கு டோலக்கு யார்? என் மச்சான்தான்! கூட்டாளியான எனக்காக அவனே வந்து உட்கார்ந்தான். இன்னும் நான்கு நாளில் விசாரணை.

திடலில் உட்கார்ந்து, கட்டுப்பாட்டின்படி, “நான் கம்பளிக்காரன்” என்று ஆரம்பித்தேன். எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்க, நான் அடித்துத் தள்ளினேன். “நான் சொல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் எரிந்திருக்கும்” என்றேன். “ஒரு பெயரைச் சொன்ன பாவத்தை நான் சுமக்கிறேன், நீங்கள் உயிரோடு இருந்துகொண்டு என்னைத் திட்டுகிறீர்கள்” என்றேன். கூட்டம் ஆரவாரித்தது. மச்சான் டோலக்கில் விளாசினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பு என்று எல்லாரும் நினைத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் நல்லவன் என்று எனக்கே தோன்றியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மச்சானின் பெண்சாதி எழுந்தாள். பெண்கள் இந்த வாதத்தில் கேள்வி கேட்பதில்லை. அவளுக்கு அதெல்லாம் கிடையாது.

“கம்பளிக்காரரே, ஒன்னே ஒன்னு கேக்குறேன். கூட்டாளி பேரச் சொல்லுறதுக்கு ஒங்களுக்கு எம்புட்டு நேரமாச்சு? ராவெல்லாம் யோசிச்சீங்களா, ஒடனே சொல்லிப்புட்டீங்களா?”

நல்ல வேகத்தில் இருந்தேன். நாக்கு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னாத்த யோசிக்கிறது? சீனி போட்ட டீ, ரெண்டு மடக்குதான் உள்ள போச்சு. அதுக்குள்ள சொல்லிட்டேன்.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. குதிரைக்காரனுக்கு ஜமீந்தார் டீ கொடுத்தாராக்கும், அதுவும் சீனி போட்டு! நல்ல பகடி என்று கைதட்டினார்கள். டோலக்கு மட்டும் நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. கோப்பையையும் ஆவியையும்தான் மச்சான் என்னிடம் சொல்லியிருந்தான். அதில் சீனி இருந்தது அவனுக்கே தெரியாது. குடித்தவனுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து டோலக்கு மறுபடியும் கேட்டது, மெதுவாக. வாதம் முடியும் வரைக்கும் தாளம் தப்பாமல் வாசித்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று மாலை போட்டார்கள். போட்டு முடிந்து நான் நிமிர்ந்தபோது டோலக்கு மட்டும் பாயில் கிடந்தது.

நான்கு நாளும் அவன் என் காம்பராப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. பக்கத்துச் சுவர்தான், அவன் இருமுவது எனக்குக் கேட்கும். விசாரணையன்று காலையில் தோட்டத்து ஆபீசுக்கு வெளியே தூறலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்வதா என்று இரண்டு விதமாகவும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். பை அவனுடையதில்லை என்று சொன்னால், பின்னே யாருடையது என்று துரை கேட்பார். அந்த இடத்துக்கு வந்ததும் விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மச்சான் தலைவரோடு வந்தான். என்னைப் பார்க்காமலே, “இவன் சாட்சி வேணாம் தலைவரே,” என்றான்.

தலைவர் திகைத்துப்போனார். “என்னாடா இது? இவன விட்டா நமக்கு வேற ஆளு ஏது?”

“படத்தப் பத்தின்னா நல்லாப் பேசுவான். இதெல்லாம் அவனுக்கு வராது. வேணாம்.”

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய், பை என்னுடையது என்று கத்தியிருக்கலாம். திடலில் அப்படிக் கத்தியவனுக்குச் சத்தமா இல்லை? நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘அப்பாடா’ என்று நினைத்தேன். பெயர் சொன்னதைக்கூட ஒருவேளை மன்னித்துவிடுவார்கள். இந்த ‘அப்பாடா’வை நானே மன்னிக்க மாட்டேன்.

சாட்சியில்லாத விசாரணை ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. மச்சான் தோற்றான். என்னைக் காட்டிக்கொடுத்தானா என்றால் அதுவுமில்லை. தலைவரிடமோ, லயத்திலோ, ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனம் என்னிடம் முன்னைப் போலவே கடுதாசி வாசிக்கக் கொடுத்தது. அடுத்த வருஷம் டீமேக்கர் என்னைச் சலிக்கும் அறைக்கு மேற்பார்வையாக்கினார். என் தங்கச்சிகள் இரண்டு பேருக்கும் கலியாணம் நடந்தது.

அந்தப் படம் பிழையான படம் என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல படம். ஆனால் நான் வாதாடியது பிழை. போர்வை வெறும் துணியாகிப்போயிருந்தால் ஊரே பார்த்திருக்கும், தண்டனை தானாக நடந்திருக்கும், அவனுக்கு வேலையே இல்லை. அது போகாததனால்தான் அவனே போய்க் கழற்ற வேண்டியிருந்தது. படம் எடுத்தவனுக்கு மூளை இருந்தது. கடைசிக் காட்சியில்தான் எல்லாம் இருந்தது. அத்தனை நாள் கத்தினேனே, அந்தக் காட்சியைப் பற்றி ஒரு தடவையாவது வாய் திறந்தேனா?

மச்சான் கையெழுத்து வைத்தான். சில மாதம் கழித்துப் புறப்படுகிற நாள் வந்தது. பதுளை ஸ்டேஷனில் காலை ரயில். கப்பலுக்குப் போகிறவர்களை அனுப்பி வைக்க லயமே போய் நின்று கட்டிப்பிடித்து அழுவது வழக்கம். செத்த வீடு மாதிரித்தான் இருக்கும். போகாமலிருந்தால் ஊர் ஏனென்று கேட்கும். நானும் போனேன். மச்சான் எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுதான். என் முறை வந்தபோது குனிந்து, டிரங்குப் பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

அவன் பெண்சாதி இடுப்பில் சின்னப் பிள்ளையோடு என் எதிரில் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

“அண்ணே, ஒங்கள ஒன்னு கேக்கணும்.”

“கேளு தங்கச்சி.”

“அந்தப் படத்துல கடைசியா அவன் கூட்டாளி பொஞ்சாதிகிட்ட வந்து கம்பளியக் கழட்டிப் போட்டுட்டுப் பேசுவான்ல? நீங்களும் நானும் பாத்தோமே. அம்புட்டுப் பேசினீங்க, அத மட்டும் ஏன் பேசல?”

கேட்டுவிட்டு நின்றாள். கோபமில்லை. அவசரமுமில்லை. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நான் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் கார்டு பச்சைக்கொடியை இன்னும் எடுக்கவில்லை. எனக்கு நேரம் இருந்தது.

“ரயில் கெளம்பப் போவுது,” என்றேன். “ஏறு தங்கச்சி.”